தோட்டத்து நாய்க்குத் தினமும் பத்து நிமிடம்

(விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உரம், களை, பாசனம் என்று பேச வேண்டிய உழவியல் ஆசிரியர் நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். பயிரை விளைவிப்பது மட்டும் உழவியல் அன்று. விளைந்ததைக் காப்பதும் அதில் சேர்ந்ததே. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நிலக்கடலைப் பாத்தியில் ஒரே இரவு பன்றி இறங்கினால் என்ன மிஞ்சும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் நாய் வளர்க்கிறீர்கள்.

ஆனால் ஒரு கேள்வி. இரவில் அவிழ்த்துவிட்ட நாயை விடியற்காலையில் நீங்கள் ஒரு முறை கூப்பிட்டால் அது வருகிறதா? வரும் என்று உறுதியாகச் சொல்லக் கூடியவர்கள் மிகச் சிலரே. வராத நாய் காவல் நாய் ஆகாது. இன்றைய நிலையில் அது உங்களுக்கே ஆபத்து. எப்படி என்று பார்ப்போம்.

காடும் சட்டமும்

நமது மலைச்சரிவு 1988-ம் ஆண்டில் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது. 1972-ம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 'வேட்டை' என்ற சொல்லின் பொருளில் விரட்டுவதையும் சேர்த்திருக்கிறது. தோப்பில் இருந்த நாய் மிளாவையோ மானையோ துரத்திக் கொண்டு காட்டுக்குள் போய்விட்டால், "நான் ஏவவில்லை, அதுவாகப் போனது" என்று நீங்கள்தான் அலைந்து விளக்க வேண்டியிருக்கும். சிறுத்தையிடம் சிக்கி நாயே போய்விடுவதும் உண்டு. ஆகவே பயிற்சியின் முதல் பயன், கூப்பிட்டவுடன் நாய் திரும்பி வருவதுதான். மோப்பம் பிடிப்பது அதற்குப் பின்னர்.

நமது ஊர் நாய்

ராஜபாளையம் நாயின் பெருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இதுவும் ஒன்று. கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபு வள நிறுவனம் பதிவு செய்த நாய் இனங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இடம் பெற்றுள்ளன. ஆனால் தபால்தலையும் பதிவும் தோட்டத்தைக் காக்கமாட்டா. இனம் என்பது நல்ல விதை போன்றது. நல்ல விதையை வாங்கிக் களையெடுக்காமல் விட்டால் விளைச்சல் வருமா?

இந்த நாய் உயரமானது, வேகமானது, கண்ணால் கண்டு விரட்டும் இயல்பு மிகுந்தது. ஒரு எஜமானரிடம் ஒட்டிக் கொள்ளும்; அயலாரை எளிதில் நம்பாது. ஆகவே அடித்துப் பழக்கினால் ஒன்று ஒடுங்கிவிடும், அல்லது கடிக்கும். பொறுமையாகப் பழக்கினால் பல காலம் உழைக்கும்.

குட்டி வாங்கும்போது: காது கேட்கிறதா?

பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள குட்டிக்கு விலை அதிகம். ஆனால் நிறமி இல்லாத வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வரும் வாய்ப்பும் அதிகம். செவிட்டுக் குட்டியை வாங்கிவிட்டு, "எத்தனை முறை கூப்பிட்டாலும் திமிராகத் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்கிறது" என்று அடிப்பது பாவம்.

குட்டிக்கு ஆறு வாரம் ஆன பின் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மற்றக் குட்டிகளிடமிருந்து ஒன்றைத் தனியே பிரித்து, அது வேறு பக்கம் பார்த்துக் கொண்டிருக்கும்போது பின்னால் நின்று கை தட்டுங்கள், அல்லது சாவிக் கொத்தை ஆட்டுங்கள். தரை அதிரக் கூடாது. உங்கள் நிழல் அதன் முன் விழக் கூடாது. காதை அசைத்துத் திரும்பினால் கேட்கிறது என்று பொருள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு மின்பதிவுப் பரிசோதனை தேவை. செவிட்டு நாயையும் கைச்சைகையால் பழக்கலாம். ஆனால் அதை இனவிருத்திக்குப் பயன்படுத்தாதீர்கள்.

முதல் பாடம்: 'வா'

நாய் கூப்பிட்டால் வராமல் இருப்பதற்குப் பெரும்பாலும் நாமே காரணம். காலையில் 'வா' என்கிறோம். வந்தவுடன் சங்கிலியில் கட்டுகிறோம். நாலு நாள் இப்படிச் செய்தால், 'வா' என்றால் சங்கிலி என்று நாய் கற்றுக் கொள்கிறது. பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே வரப்புக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. நாய் முட்டாள் அன்று. நாம் கற்பித்ததைத்தான் அது செய்கிறது.

இதை மாற்ற வழி எளிது. நாளொன்றுக்குப் பத்து முறை கூப்பிடுங்கள். ஒவ்வொரு முறை வந்ததும் வேகவைத்த ஈரலில் கடலைப் பருப்பு அளவு ஒரு துண்டு கொடுத்து, தடவிக் கொடுத்து, மீண்டும் விட்டுவிடுங்கள். பத்தில் ஒரு முறை மட்டும் கட்டுங்கள். தொடக்கத்தில் முப்பது அடி நீளக் கயிறு கழுத்துப்பட்டையில் இருக்கட்டும். ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள். வராவிட்டால் கத்தாமல் கயிற்றை மெல்ல இழுத்து வரவழையுங்கள். தாமதமாக வந்தாலும் திட்டக் கூடாது. திட்டினால் வந்ததற்குத் திட்டு கிடைத்தது என்றுதான் அது புரிந்து கொள்ளும். நம் ஊர் பால்கோவாவை நாய்க்குப் பரிசாகக் கொடுக்க வேண்டாம்; அது வீட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கட்டும்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். நீங்கள் 'வா' என்றும், வீட்டம்மா 'இந்தா' என்றும், பையன் சீட்டியடித்தும் கூப்பிட்டால் நாய் எதைக் கற்கும்? வா, உட்கார், நில், விடு, தேடு என்ற ஐந்து சொற்களே போதும். சோறு வைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணியாக இருப்பதால், அவரும் பயிற்சியில் சேர்ந்தால் பலன் விரைவில் கிட்டும்.

நாளுக்கு நாள் முன்னேற்றம்

குட்டிக்கு எட்டு வாரம் ஆனதும் தொடங்கலாம். காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். அரைமணி நேரம் தொடர்ந்து பழக்கினால் நாய் சலித்துவிடும். நமக்கும் கோபம் வரும்.

முதல் வாரத்தில் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பதும் 'வா'வும். இரண்டாவது வாரத்தில் 'உட்கார்'. மூன்றாவது வாரத்தில் 'நில்': முதலில் ஐந்து விநாடி, பிறகு பத்து, பிறகு நீங்கள் இரண்டடி தள்ளி நின்று பத்து. நேரத்தையும் தூரத்தையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். நான்காவது வாரம் முதல் 'விடு': கையில் உள்ள தின்பண்டத்தை விடுவது, பிறகு தரையில் கிடப்பதை விடுவது, பல வாரங்களுக்குப் பின்னர் ஓடும் கோழியையும் ஆட்டையும் விடுவது.

எப்போது அடுத்த படிக்குப் போவது? பத்து முறை சொல்லி எட்டு முறை சரியாகச் செய்தால் மேலே போகலாம். ஐந்துக்குக் கீழே இறங்கினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். வீட்டு முற்றத்தில் தெரிந்த பாடம் தோப்பில் தெரியாது. தோப்பில் தெரிந்தது, எதிரே வேறு நாய் வந்தால் மறந்துவிடும். இடம் மாறும்போதெல்லாம் எளிய படியிலிருந்து தொடங்க வேண்டும். ஆறு முதல் எட்டு மாத வயதில், நன்றாகக் கேட்டுக் கொண்டிருந்த நாய் திடீரென்று கேளாததுபோல் நடக்கும். பல நாய்களைச் சங்கிலிக்கு அனுப்பிவிடுவது இந்தப் பருவம்தான். கைவிடாதீர்கள். நீளக் கயிற்றை மீண்டும் மாட்டி, பழைய பாடத்தை மறுபடி நடத்துங்கள். சில வாரங்களில் சரியாகும்.

மோப்பம்

மனித மூக்கில் முகர்வு அணுக்கள் சுமார் 50 லட்சம். நாயின் மூக்கில், இனத்தைப் பொறுத்து, 10 கோடி முதல் 30 கோடி வரை. நாம் நடந்து போன இடத்தில் நம் தோலிலிருந்து உதிர்ந்த துகள்களும், மிதிபட்ட புல்லின் சாறும், கலைந்த மண்ணின் வாசனையும் சேர்ந்து தடமாகக் கிடக்கின்றன. முதல் மழையில் எழும் மண்வாசனைக்கு மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் காரணம் என்பதை அறிவீர்கள். அந்த மண்ணை ஒரு கால் கலைத்தாலே நாய்க்குப் போதும்.

முகர்வதை நாய்க்கு நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. நாம் சொல்லும் தடத்தை மட்டும், தலை தூக்காமல், கடைசி வரை தொடர வேண்டும் என்பதைத்தான் கற்றுத் தருகிறோம். ராஜபாளையம் நாய் கண்ணை அதிகம் நம்புவதால் இதற்குச் சற்றுக் கூடுதல் பொறுமை வேண்டும்.

பனி உலராத அதிகாலையே ஏற்ற நேரம். ஈர மண்ணிலும் புல்லிலும் மணம் தங்கும். காய்ந்து வெடித்த கரிசலில் நிற்காது. வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் நாயால் முகர முடியாது. ஆடிக் காற்றில் புதிதாகத் தொடங்க வேண்டாம். கழுத்தை அழுத்தாத மார்புப் பட்டையை மாட்டுங்கள். இதை மோப்ப வேலைக்கு மட்டும் மாட்டினால், மாட்டியவுடன் வேலை என்னவென்று நாய்க்குப் புரியும்.

முதல் வாரம், காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, பதினைந்து காலடி நேராக மிதித்து நடந்து, ஒவ்வொரு காலடியிலும் ஈரல் துண்டு வையுங்கள். காற்று எதிரே இருந்தால் நாய் தரையை விட்டுக் காற்றில் முகரத் தொடங்கும். 'தேடு' என்று சொல்லிக் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துப் பின்னால் செல்லுங்கள். இரண்டாவது வாரம் முப்பது காலடி; துண்டுகள் மூன்றடிக்கு ஒன்று. நான்காவது வாரத்துக்குள் நூறு காலடி. துண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றும். ஐந்தாவது வாரம் ஒரு வளைவு. ஏழாவது வாரம் முதல் தடம் போட்டுப் பத்து நிமிடம் கழித்து, பிறகு அரைமணி கழித்து. பின்னர் வீட்டில் வேறொருவர் தடம் போடட்டும். முடிவில் அவருடைய துண்டோ செருப்போ கிடக்க வேண்டும். அதைக் கண்டால் பெரிய பரிசு.

தடம் போகும் வழியில் சிறு குச்சிகள் நட்டு வையுங்கள். தடம் எது என்று உங்களுக்கே தெரியாவிட்டால், நாய் செய்வது சரியா தவறா என்று எப்படித் தெரியும்? பின்னாளில் குச்சி இல்லாமலும் சோதியுங்கள். நாய் உங்கள் முகத்தையும் நடையையும் பார்த்து வழி கண்டுபிடிக்கக் கூடியது.

இவ்வளவும் தேறிய பின், வழி தவறிய ஆட்டைத் தேடப் பழக்கலாம். ஆட்டின் கழுத்துக் கயிற்றை முகரக் கொடுத்து, பையன் நூறு காலடி ஓட்டிச் சென்று வரப்புக்குப் பின்னால் மறைத்து வைத்த ஆட்டைக் காணச் செய்யுங்கள். 'விடு' பாடத்தில் முழுத் தேர்ச்சி இல்லாத நாயை இதில் இறக்க வேண்டாம்.

சென்னையில் காவல்துறையின் மோப்ப நாய்ப் பிரிவு 1951-ல் தொடங்கப்பட்டது. குவாலியர் அருகே டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் நாய்ப் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கெல்லாம்கூட ஒரு நாய் பல மாதங்கள் தினமும் பழகியே தேறுகிறது. நம் நாய் பத்து நாளில் தேறவில்லை என்று வருந்த வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகம்

பாசனத்துக்கும் உரத்துக்கும் கணக்கு எழுதுவதுபோல் இதற்கும் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், காற்று, ஈரமா காய்ச்சலா, எத்தனை காலடி, எத்தனை முறை தவறியது என்று ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். நேற்றைவிட இன்று மோசம் என்று மனம் சொல்லும். நோட்டைப் புரட்டினால் போன மாதத்தைவிட இந்த மாதம் மேல் என்பது தெரியும். தவறிய நாள்களில் எல்லாம் காற்று பலமாக இருந்தது என்பதும் அதில்தான் தெரியும்.

சில எச்சரிக்கைகள்

குட்டிப் பருவத் தடுப்பூசிகளையும், மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியையும், பின்னர் ஆண்டுதோறும் மறு ஊசியையும் கால்நடை மருந்தகத்தில் போட்டுக் கொள்ளுங்கள். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றில் பலவற்றில் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நச்சுயிரி காணப்பட்டது. காட்டோரத்து நாய்க்கு ஊசி போடுவது காட்டுக்கும் பாதுகாப்பு. யாரை நாய் கடித்தாலும், தன் நாயே ஆனாலும், புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சிறுத்தை நடமாடும் இடங்களில் நாயை இரவில் திறந்த வெளியில் கட்டாதீர்கள். கட்டிய நாயால் ஓடவும் முடியாது. கம்பிவலை போட்ட கூண்டு வேண்டும்.

இறுதியாக ஒன்று. தேங்காய் திருடு போய், உங்கள் நாய் ஒருவர் வாசலில் போய் நின்றால், அதை வைத்து அவரைத் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். மோப்பம் தவறலாம், அவர் பகலில் உங்கள் தோப்பு வழியே நடந்திருக்கலாம். மோப்ப நாய் காட்டியதற்கு நீதிமன்றங்களே பெரும் எடை தருவதில்லை. ஊரில் ஒரு பகையை விதைப்பதைவிடப் பத்துத் தேங்காய் போவது மேல்.

முப்பது அடிக் கயிறு, ஒரு மார்புப் பட்டை, வாரம் கொஞ்சம் ஈரல், ஒரு நோட்டு, தினம் பத்து நிமிடம். செலவு இவ்வளவே. நாளைக் காலை நாயை அவிழ்த்துவிட்டு, ஒரு முறை 'வா' என்று கூப்பிட்டுப் பாருங்கள். வந்ததா, வரவில்லையா என்பதை முதல் வரியாக எழுதுங்கள். பயிற்சி அன்றே தொடங்கிவிடும்.