பழைய நேரம், புதிய நேரம்



சித்திர வேலாயுதர் வீற்றிருக்கும் வெருகலில் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்கக் கிடைத்தது பெரும்பேறு. கொஞ்சம் பயமும் உண்டு. எதிரே இருப்பவர்களில் ஒரு பகுதியார் வாக்கியக்காரர், மறுபகுதியார் திருக்கணிதக்காரர். இரண்டு பகுதியாரிடமும் நான் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

பஞ்சாங்கக் கணிப்பும் மென்பொருளும் என்பது தந்த தலைப்பு. திதி, நட்சத்திரம், யோகம், கரணம் எப்படி வருகின்றன என்று இந்தச் சபைக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. இன்றைய செயலிகள் பல சுவிஸ் எபிமெரிஸை அடியில் வைத்து, லாஹிரி அயனாம்சத்தைக் கழித்து விடை தருகின்றன. வாக்கியத்தார் 248 சந்திர வாக்கியங்களை விடுவதாயில்லை. திருக்கணிதம் 2025 மார்ச் 29இல் சனியை மீனத்துக்கு அனுப்பிவிட்டது. வாக்கியம் 2026 மார்ச் வரை கும்பத்திலேயே இருத்தி வைத்தது. அந்த வழக்கைப் பிற்பகல் அமர்வு பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விடமுடியாது. வாக்கியம் கணிதமே அல்ல, வெறும் மனப்பாடம் என்று என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் முன்னொரு கூட்டத்தில் பேசினார். ஜோன் வாரனின் ‘கால சங்கலித’ 1825இல் சென்னையில் வெளிவந்த நூல்; நண்பர் அதை ஒருமுறை புரட்டலாம். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, வாய்பாடுகளை மனத்திலிருந்தே எடுத்து, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வாரன் அதில் பதிந்திருக்கிறார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகியது. கையில் ஏடில்லை, கடதாசியில்லை.

அந்த 23 நிமிடத்துக்காக இருநூறு வருடமாகக் குற்றம் சொல்கிறவர்கள், நம் வாசலிலேயே கிடக்கும் 30 நிமிடத்தைக் காணாமல் போகிறார்களே என்பதுதான் என் முறைப்பாடு.

1996 மே 25இல் இலங்கை தன் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே வருடம் ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது. 2006 ஏப்ரல் 15இல்தான் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய பழைய நேரத்துக்குத் திரும்பினோம். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளோ இந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. அங்கே ஐந்தரையே ஓடியது. எல்லையைத் தாண்டும்போது கைக்கடிகாரத்தைத் திருப்பியவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள். ஈச்சிலம்பற்றையும் வாகரையும் அந்நாளில் எந்தப் பக்கம் இருந்தன என்று வெருகலில் நின்று விளக்க வேண்டியதில்லை.

அக்காலத்துப் பிள்ளைகளுக்கு இப்போது கலியாண வயது. தாய் கொப்பியைக் கொண்டுவருகிறாள். தேதியும் மணியும் இருக்கின்றன. பழைய நேரமா, புதிய நேரமா என்பது இல்லை. பிறந்த இடம் திருகோணமலை மாவட்டம் என்று கொடுத்ததும் செயலி கேள்வியின்றிக் கொழும்பு நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அரை மணி பிசகினால் நாலு சாதகத்தில் ஒன்றில் லக்கினமே மாறும். நவாம்ச லக்கினம் தப்பவே தப்பாது. சுக்கிர தசையில் பிறந்தவருக்குத் தசை இருப்பு ஏறத்தாழ ஐந்து மாதம் கூடிக் குறையும். இதை வைத்துப் பொருத்தம் பார்த்து, விகலை சுத்தமாக அச்சடித்துக் கையில் கொடுக்கிறோம்!

நேர வலயத் தரவுத்தளம் எல்லாவற்றையும் தானாகவே பார்த்துக்கொள்ளும் என்று சொன்னவரும் அதே நண்பர்தான். அந்தத் தரவுத்தளத்தை நானும் திறந்து பார்த்தேன். புலிகள் ஐந்தரையிலேயே இருந்த செய்தி அதன் குறிப்புரையில் இருக்கிறது, கணக்கில் இல்லை. இலங்கை முழுமைக்கும் கொழும்பு என்று ஒரே வலயம். செயலி படிப்பது கணக்கை, குறிப்புரையை அல்ல.

வழி இல்லாமலில்லை. ஒரு கொப்பியில் ஆவணி மாதம், காலை 6.10, பொழுது கிளம்பமுன் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆவணி நடுவில் வெருகலில் சூரியோதயம் பழைய நேரப்படி ஆறு மணிக்குச் சற்று முன்பே ஆகிவிடும். ஆகவே அந்த 6.10 புதிய நேரமாகத்தான் இருக்கமுடியும். யாழ்ப்பாணத்து உதயத்தை எடுத்து இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. நெட்டாங்கு வித்தியாசத்துக்கே ஐந்து நிமிடம் போய்விடும். பொழுது, பூசை மணி, மருத்துவிச்சி வந்த வேளை என்று வீட்டுக் கொப்பிகளில் கிடக்கும் இந்த வரிகளை நம் ஆய்வாளர் எவரும் சேர்க்கவில்லை. ஏட்டுச் சுவடிக்கு ஓடுகிறோம், இருபது வருடத்துக் கொப்பியை எடைக்குப் போடுகிறோம்.

மென்பொருள் நண்பர்களிடம் கேட்பது சிறிய காரியம். வடக்குக் கிழக்கில் 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை பிறந்த திகதி வந்தால், எந்த நேரம் என்று செயலி கேட்கட்டும். தெரியாது என்றால் இரண்டு சாதகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டட்டும். மத்தியானத்துக்குப் பிறகு நண்பர் தம் செயலியை இந்தத் திரையில் ஓட்டிக் காட்டவிருக்கிறார். 2001இல் ஈச்சிலம்பற்றையில் பிறந்ததாக ஒரு பிறப்பை அவர் அதில் இட்டுக் காட்டவேண்டும் என்று இச்சபையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். விவாதத்தை அங்கிருந்து தொடங்குவோம்.