ஒதுக்கு வேண்டாம், ஓய்வு வேண்டும்

(டிக்கோயாவில் நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், கொழுந்து நிறை, சேமலாப நிதி என்றுதான் பேசுவோம். இன்றைக்கு மாதவிடாயைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதெல்லாம் கூட்டத்தில் பேசுகிற பேச்சா?" என்று சிலர் நினைக்கலாம். தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். மாதாமாதம் இடுப்பு வலியோடும் வயிற்று வலியோடும் அவர்கள் மலை ஏறுகிறார்கள். வேலை செய்கிற உடம்பைப் பற்றிய பேச்சு தொழிற்சங்கத்தின் பேச்சுத்தான்.

முதலில் நம் பாட்டிமாரின் வைத்தியத்தைப் பார்ப்போம். ஒரு பிள்ளை வயசுக்கு வந்தால் உளுந்தங்களி கிண்டுகிறோம், நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்கிறோம். வயிற்று வலி என்றால் சுக்கு, ஓமம், வெந்தயம், பெருங்காயம். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த நம் முன்னோர் கூடவே கொண்டுவந்த அறிவு இது. இதைச் சித்த வைத்தியம் என்றும் சொல்வார்கள், நாட்டு வைத்தியம் என்றும் சொல்வார்கள். இலங்கையின் 1961ஆம் ஆண்டு 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி, தேசிய வைத்தியம் எல்லாவற்றையும் ஆயுர்வேதம் என்ற ஒரே பெயருக்குள் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அந்தப் பழைய வைத்திய நூல்கள் மாதவிடாய்க்கு என்ன மருந்து சொல்கின்றன? சுசுருதர் பெயரில் வழங்கும் நூலும் அதன் வழிவந்த நூல்களும் முதல் மூன்று நாட்களுக்கு ஒரு ஒழுங்கு சொல்கின்றன. லேசான சாப்பாடு, உடம்பை வருத்தாமல் இருப்பது, ஓய்வு. மருந்துக்கு முன்னால் ஓய்வுதான் வருகிறது. அதே நூல்களில் குளிக்காதே, தலை சீவாதே, அழாதே, மீறினால் பிறக்கப்போகும் பிள்ளைக்குக் குறை வரும் என்றும் எழுதியிருக்கிறது. அது அந்தக் காலத்துப் பயம். அழுததால் எந்தப் பிள்ளைக்கும் கண் கெட்டதில்லை. குளித்துச் சுத்தமாக இருப்பது நல்லது.

நம் லயங்களில் என்ன நடந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நூலில் இருந்த நல்லதை விட்டுவிட்டோம், பயத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். "தூரம்" என்று சொல்லி சாமி படத்துக்குப் பக்கத்தில் விடாத பிள்ளையை, விடிந்ததும் கூடையைத் தலையில் மாட்டி மலைக்கு அனுப்புகிறோம். அடுப்படிக்கு ஆகாத உடம்பு கொழுந்து சுமக்க ஆகுமா? ஓய்வு போய்விட்டது, ஒதுக்கு மட்டும் மிச்சம்.

ஓய்வு ஏன் போனது? நாட்கூலியால் போனது. வராத நாளுக்குப் பேர் இல்லை. வந்தாலும் நிறை குறைந்தால் அரைப்பேர். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் வரவுக்கென்று நாளுக்கு 60 ரூபா தனியாக வைத்தார்கள். கொடுத்த வேலை நாட்களில் 75 வீதம் வந்தால்தான் அது கிடைக்கும். மாதத்தில் மூன்று நாள் உடம்பு முடியாமல் போகும் பெண்ணுக்கும் ஆணுக்கும் அங்கே ஒரே கணக்கு. 2019இல் அந்த 60 ரூபா ஒப்பந்தத்திலிருந்து போனது. ஆனால் வலியோடு வீட்டில் இருந்தால் நட்டம் பெண்ணுக்குத்தான் என்ற நிலை மாறவில்லை.

இனி, வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறோம். அடிவயிற்றில் சூடு வைப்பது வலியைக் குறைக்கும். ஒரு போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி, துணி சுற்றி வைத்தால் போதும். இஞ்சி வலிக்கு உதவுவதாகச் சிறிய ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. உளுந்து, எள், பயறு, கீரை, நெத்தலி எல்லாம் இரத்தம் போகும் உடம்புக்கு நல்ல சாப்பாடு. முட்டையைப் பச்சையாகக் கொடுக்காமல் அவித்துக் கொடுங்கள்.

ஒரு விஷயம் நாமே உற்பத்தி செய்வதைப் பற்றியது. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணீர் குடித்தால், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையையும் தேத்தண்ணீரோடு விழுங்க வேண்டாம்.

கவனமாக இருக்க வேண்டியவையும் உண்டு. நாள் தள்ளிப்போனால் "வரவைக்கிற" கசாயம் குடிக்காதீர்கள். கர்ப்பமாக இருந்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். சில பஸ்பங்களிலும் செந்தூரங்களிலும் ஈயம், பாதரசம் போன்றவை இருக்கலாம். பெயர் ஒட்டாத பொட்டலத்தைச் சந்தையில் வாங்காதீர்கள். நாட்டு மருந்துதான் வேண்டும் என்றால் பதிவு பெற்ற ஆயுர்வேத அல்லது சித்த வைத்தியரிடம் போங்கள். அரசாங்க ஆயுர்வேத வைத்தியசாலைகளில் இலவசமாகப் பார்க்கலாம்.

கசாயத்தோடு நிற்கக் கூடாத அறிகுறிகளை மனதில் வையுங்கள். ஏழு நாளுக்கு மேல் போவது. மணிக்கு ஒரு தடவை துணி மாற்றும் அளவுக்குத் தொடர்ந்து போவது. பெரிய கட்டிகளாக விழுவது. மாதவிடாய் நின்றுபோன பிறகு மறுபடி இரத்தம் காண்பது. நாற்றத்தோடு வெள்ளை படுவது. எழும்பவே முடியாத வலி. மலை ஏறும்போது மூச்சு வாங்கி, தலை சுற்றி, முகம் வெளுத்துப் போவது. இதில் ஒன்று இருந்தாலும் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். 150 கட்டில்களோடு அதன் புதிய கட்டடம் 2017இல் திறக்கப்பட்டது. அது நமக்காகத்தான் இருக்கிறது. 35 வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். அதுவும் இலவசம். குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் கேட்டால் நாள் சொல்வார்.

துணி பாவிப்பதில் வெட்கமில்லை. ஆனால் மழைக்காலத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில், கட்டிலுக்கு அடியில் ஒளித்துக் காயப்போடும் துணி காய்வதில்லை. ஈரத்துணி புண்ணையும் நோயையும் கொண்டுவரும். வெயில் வரும் நேரத்தில் மற்றத் துணிகளோடு கொடியில் போடுங்கள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். பாடசாலையில் படிப்பிக்கும் நாங்கள் வரவு இடாப்பில் மாதாமாதம் பார்க்கிறோம், அந்த நாட்களில்தான் பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே வெற்றிடம் விழுகிறது. மாணவியருக்குப் பேட் வாங்க அரசாங்கம் 2024இல் வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது. மலையில் நிற்கும் அம்மாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

ஆகவே சங்கம் என்ன கேட்க வேண்டும்? வலியுள்ள நாளில் சம்பளத்தோடு ஓய்வு. அது கிடைக்கும்வரை, அந்த நாட்களில் லயத்துக்குக் கிட்டிய மலையில் வேலை, நிறை குறைந்தாலும் முழுப்பேர். ஒவ்வொரு மலையிலும் தண்ணீரும் கதவும் உள்ள ஒரு கக்கூஸ். இது நடக்காத காரியமில்லை. ஜப்பான் 1947இலேயே மாதவிடாய் ஓய்வைத் தொழில் சட்டத்தில் எழுதியது. இந்தோனேசியா 2003 சட்டத்தில் முதல் இரண்டு நாளுக்கு எழுதியது. பீகார் அரசாங்கப் பெண் ஊழியர்களுக்கு 1992 முதல் மாதம் இரண்டு நாள் லீவு உண்டு. கர்நாடகம் 2025இல் மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு என்று அறிவித்தது. உலகத்துக்கே தேயிலை அனுப்பும் பெண்ணுக்கு மட்டும் ஏன் இல்லை?

பின்வரிசை அண்ணன்மார்களே, தொரையிடம் கேட்பதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்கிறோம். அந்த மூன்று நாளும் பீலித் தண்ணீர் எடுப்பது, விறகு கொண்டுவருவது, இரவுக்கு ரொட்டி சுடுவது உங்கள் வேலையாக இருக்கட்டும். அதற்கு எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாக வேண்டியதில்லை.

தாய்மார்களே, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் மலையில் கக்கூஸ் இருக்கிறதா, இந்த மாதம் வலியால் எத்தனை பேர் அரைப்பேர் வாங்கினார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுங்கள். அந்தக் கணக்கோடுதான் நாம் பேச்சுவார்த்தைக்குப் போகப் போகிறோம்.