கடல்மேடைப் பணிக்கு வேண்டிய பண்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் குடியிருப்பில் ஆண்டுதோறும் பொறியியற் கல்வி முடித்த பிள்ளைகளும், தொழிற்பயிற்சிச் சான்று பெற்ற பிள்ளைகளும், “கடலில் எண்ணெய் எடுக்கும் வேலைக்குப் போகலாமா?” என்று பெற்றோரைக் கேட்கின்றனர். ஊதியம் எவ்வளவு, விடுப்பு எத்தனை நாள் என்பனவற்றை நாம் விசாரித்து அறிந்துவிடுகிறோம். அவ்வேலைக்கு எத்தகைய மனிதர் வேண்டும் என்பதை மட்டும் நாம் விசாரிப்பதில்லை. இன்று அதனைப் பற்றியே சிறிது சிந்திப்போம்.

மும்பைக் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், 1974ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ‘சாகர் சாம்ராட்’ என்னும் ரிக் கடலடியைத் துளைத்து எண்ணெய் கண்டது. 1976ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் அங்கே எண்ணெய் எடுக்கும் பணி தொடங்கிற்று. ‘பாம்பே ஹை’ என்று பெயர் பெற்று, இன்று ‘மும்பை ஹை’ என வழங்கும் வயல் அதுவே. உழவன் அறியாத வயல். ஆயினும் நாட்டுக்குப் பயன் தரும் வயல்.

அங்குள்ள மேடைகளில் பணிபுரிவோர் பெரும்பாலும் பதினான்கு நாள் கடலிலும் பதினான்கு நாள் கரையிலும் வாழ்கின்றனர். கடலில் இருக்கும் நாளெல்லாம் பன்னிரண்டு மணி நேர வேலை. காலடியில் கடல், குழாய்க்குள் எரிபொருள், தலைக்கு மேலே பாரந்தூக்கி. தீ மூண்டால் ஓடி ஒளிய அங்கே தெருவும் இல்லை, ஊரும் இல்லை. ஆகவே, இவ்வேலைக்கு உடல் வலிமையும் அஞ்சா நெஞ்சமும் வேண்டும் என்று எல்லோரும் கூறுவர். அது மெய்யே. மருத்துவச் சோதனையில் தேறாதவர் கடலுக்குச் செல்ல இயலாது. ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் தப்புவது எப்படி என்பதற்கும் பயிற்சி உண்டு. ஒரு கூண்டில் இருக்கையோடு பிணைத்து, நீருக்குள் தலைகீழாகக் கவிழ்த்து, பலகணி வழியே வெளிவரப் பழக்குகின்றனர். முதல் முறை அஞ்சுவோரும் நாலாம் முறை தேறிவிடுகின்றனர்.

இவையெல்லாம் பழக்கத்தால் வருபவை. ஆனால், எப்பயிற்சிக் கூடமும் எளிதில் தர இயலாத பண்பு ஒன்று உண்டு. உள்ளதை உள்ளவாறு சொல்லும் நாவும், ஐயம் தோன்றியபோது “நிறுத்துங்கள்” என்று கூறும் நெஞ்சும் சேர்ந்ததே அப்பண்பு. இஃது இல்லாத வீரம் கடல்மேடையில் பகையாக முடியும். இதற்குச் சான்றாக மூன்று நிகழ்ச்சிகளைக் காண்போம்.

ஸ்காட்லாந்துக்கு அப்பால், வடகடலில், ‘பைப்பர் ஆல்ஃபா’ என்றொரு மேடை இருந்தது. 1988ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் பகலில், அங்கிருந்த இரண்டு பம்புகளுள் ஒன்றின் காப்பு வால்வைப் பழுது பார்ப்பதற்காகக் கழற்றினர். வேலை மாலைக்குள் முடியவில்லை. திறந்த வாயை ஒரு தகட்டால் மூடிவிட்டுச் சென்றனர். அச்செய்தி பணி அனுமதிச் சீட்டில் இருந்தது. இரவு முறைக்கு வந்தோரின் செவியை எட்டவில்லை. இரவு பத்து மணியளவில் மற்றொரு பம்பு நின்றுபோயிற்று. வால்வு இல்லாததை அறியாதவர்கள் பழுதுபட்ட பம்பை இயக்கினர். வாயு கசிந்தது, வெடித்தது. தீயைக் கண்ட பின்னரும் அண்டை மேடைகள் குழாய் வழியே எண்ணெய் அனுப்புவதை உடனே நிறுத்தவில்லை. மீட்கச் சென்ற இருவர் உட்பட 167 பேர் மாண்டனர்; உயிர் தப்பியோர் 61 பேரே. 1990ஆம் ஆண்டில் கல்லன் பிரபுவின் விசாரணைக் குழு 106 பரிந்துரைகளை வழங்கிற்று.

அங்கே உடல் வலிமைக்குக் குறைவில்லை. “இந்த வேலை முடியவில்லை, இந்தப் பம்பைத் தொடாதீர்கள்” என்று ஒருவர் மற்றவரிடம் நேரில் கூறும் சொல்லே குறைந்தது. முறை மாறும் வேளையில் கூறாது விட்ட சொல், கூறிய பொய்க்கு நிகரான கேட்டைச் செய்யும்.

இரண்டாவது நிகழ்ச்சி மெக்சிகோ வளைகுடாவில், 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் நிகழ்ந்தது. ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ என்னும் ரிக்கில் கிணறு நன்கு அடைபட்டுவிட்டதா என்று அழுத்தம் பார்த்துச் சோதித்தனர். இருத்தலாகாத அழுத்தத்தை மானி காட்டிற்று. அதற்கு ஏதோ ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு, சோதனை தேறிற்று என முடிவு செய்து மேலே சென்றனர். அன்றிரவே கிணறு பொங்கி வெடித்தது. 11 பேர் உயிரிழந்தனர். மானி உண்மை உரைத்தது. மனிதர் அதனைத் தம் விருப்பத்திற்கேற்பப் பொருள் கொண்டனர். பிறரிடம் உண்மை பேசுவதினும் அரிது, தனக்குத் தானே உண்மை பேசுவது அன்றோ!

மூன்றாவது நிகழ்ச்சி நம் கடலில் நிகழ்ந்தது. 2005ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள். மும்பை பெருமழையில் மூழ்கிய மறுநாள். விரலில் வெட்டுக்காயம் பட்ட ஒருவரை மேடைக்கு மாற்றும் பொருட்டு, ‘சமுத்ர சுரக்ஷா’ என்னும் கப்பல் மும்பை ஹை வடக்கு மேடையை நெருங்கிற்று. அலை தூக்கியடிக்க, கப்பல் வாயுக் குழாய்களில் மோதித் தீ மூண்டது. இரண்டு மணி நேரத்திற்குள் மேடை கடலில் வீழ்ந்தது. 22 பேர் மாண்டனர்; 362 பேர் மீட்கப்பட்டனர். துன்புற்ற ஒருவருக்கு உதவும் நல்லெண்ணமே அங்கு முன்னின்றது. ஆயினும், நல்லெண்ணத்தோடு காற்றையும் அலையையும் கப்பலின் நிலையையும் எடைபோடும் நிதானமும் வேண்டும் என்பதை அந்நாள் நமக்கு உணர்த்திற்று. அத்தனை பெருந்தீயிலும் பெரும்பாலோர் பிழைத்தமை மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. வாரந்தோறும் மணியடித்துக் கூட்டும் ஒத்திகையைச் சலிப்பின்றிச் செய்தல், உயிர்காப்புச் சட்டையின் வாரை ஒழுங்காகக் கட்டுதல் முதலிய சிறு கடமைகளை எவரும் இகழ்தல் ஆகாது.

இனி, பிறமொழி மாநிலத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கே உரிய செய்தி ஒன்று. கடல்மேடையில் மராத்தியரும், வங்காளியரும், பஞ்சாபியரும், மலையாளிகளும் ஒரே மேசையில் உண்கின்றனர். இந்தியும் ஆங்கிலமும் கலந்த பேச்சிலேயே கட்டளைகள் பிறக்கின்றன. நம் பிள்ளைகள் சிலர் மொழி முழுதும் விளங்காதபோது, கேட்டால் நகைப்பரோ என்று நாணித் தலையசைத்துவிடுகின்றனர். கடைத்தெருவில் அதனால் பத்து ரூபாய் போகலாம். கடல்மேடையில் பத்து உயிர் போகலாம். “விளங்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்” என்பதை நான்கு மொழியிலும் கூசாமல் கூறக் கற்றவனே அங்குச் சிறந்த தொழிலாளி.

பொறுமையைப் பற்றியும் ஒரு சொல். ஒரே முகங்களைப் பதினான்கு நாள் காணவேண்டும். ஒரே அறையில் பிறரோடு உறங்கவேண்டும். ஒருவர் குறட்டை விடுவார். ஒருவர் ஓயாது பேசுவார். சிறு மனத்தாங்கலால் இருவர் பேசாதிருப்பின், அவ்விருவர்க்கிடையே சொல்லப்பட வேண்டிய எச்சரிக்கையும் நின்றுவிடும். ஆதலால், அங்கே இன்சொல் வெறும் நாகரிகம் அன்று. அதுவும் ஒரு காப்பு வால்வே.

தாய்மார்களே, பெரியோர்களே! இப்பண்பு எங்கே விளைகிறது? நம் வீட்டிலேதான். “பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசாதே” என்று நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். பெரியோரை மதித்தல் நம் பண்பாடு. அதனைக் கைவிட வேண்டுவதில்லை. ஆனால், மதித்தல் வேறு. வாய் மூடியிருத்தல் வேறு. “அப்பா, கேஸ் அடுப்பை அணைக்கவில்லையே” என்று சுட்டிக்காட்டும் சிறுமியை, “உனக்கென்ன தெரியும்?” என்று அதட்டினால், அவள் வளர்ந்து மேலதிகாரியின் முன் நிற்கும்போதும் வாய் திறவாள். “நல்லது கண்ணே, காட்டினாயே” என்று பாராட்டினால், அவள் நாளை நூறு பேரின் உயிரைக் காக்கும் ஒரு சொல்லைச் சொல்வாள். மேலதிகாரிகளாக விளங்கும் பெரியோர்க்கும் இதுவே நம் வேண்டுகோள். வேலையை நிறுத்தும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு என்று சுவரில் எழுதி வைத்தல் எளிது. இளையவன் ஒருவன் அவ்வுரிமையைக் கையாண்டு, ஆராய்ந்து பார்க்கையில் ஆபத்து ஒன்றும் இல்லையென்று தெரிந்தாலும், அவனைக் கடிந்துகொள்ளாது தட்டிக்கொடுத்தலே அரிது. அதுவே தலைமைக்கு அழகு.

ஆகவே தம்பியரே, தங்கையரே! கடலுக்குச் செல்ல விரும்புவோர் உடலைத் தேற்றுங்கள், நீச்சல் பழகுங்கள், விதிகளைக் கற்றுணருங்கள். இவற்றோடு, நாள்தோறும் உங்களை நீங்களே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்றோமா? முடியாத வேலையை முடியவில்லை என்றோமா? ஐயம் கண்டபோது வாய் திறந்தோமா? இம்மூன்றுக்கும் ‘ஆம்’ என விடை கூற வல்லவர் எந்தக் கடலுக்கும் செல்லலாம். அவர்கள் நலமே திரும்பி வருவதோடு, உடன் சென்றோரையும் நலமே அழைத்து வருவர். அவ்வாறு திரும்பும் பிள்ளைகளை வாயிலில் நின்று வரவேற்கும் பேறு நம் வீடு ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பதாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!