கண்ணாடியை முட்டும் பாம்பு



லண்டனில் இருக்கும் என் சித்தி மகன் ஒரு நவம்பர் இரவில் வீடியோவில் அழைத்தான். அவன் வளர்க்கும் பால் பைத்தான், கண்ணாடிப் பெட்டியின் மூலையில் மூக்கை வைத்து மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தது. நான்கு நாளாக இரவும் பகலும் இதே கதை. "அண்ணா, இதுக்கு என்னைப் பிடிக்கல. ஓடப் பார்க்குது" என்றான். குரல் கம்மியிருந்தது.

பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் சிறிய மலைப்பாம்பு. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து ஏராளமாக ஏற்றுமதியாகிறது. பயந்தால் தலையை நடுவில் வைத்து உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். 'பால்' (ball, பந்து) என்ற பெயர் வந்ததும் அதனால்தான். பகலில் எலி வளையிலோ கறையான் புற்றிலோ முடங்கிக் கிடக்கும். பொழுது சாய்ந்தபின் வெளியே வரும். ஆகவே இரவில் ஊர்வதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். பட்டப்பகலிலும் ஓயாமல் அலைந்தால், ஒரே மூலையை முட்டிக்கொண்டே இருந்தால், காரணத்தைத் தேட வேண்டும்.

முதலில் சூடு. வெதுவெதுப்பான இடத்துக்குப் போயும் குளிர்ந்த இடத்துக்கு நகர்ந்தும்தான் பாம்பு தன் உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்கிறது. பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 டிகிரி அளவில் இருக்க வேண்டும். தம்பியின் பெட்டியில் இருந்தது பீங்கான் ஹீட்டர். அது வெளிச்சம் தராது. வேலை செய்கிறதா, நின்றுவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குக் கீழே கையை நீட்டிப் பார்க்கச் சொன்னேன். ஜில்லென்று இருக்கிறது என்றான். இந்தப் பாம்பின் மேலுதட்டில் சூட்டை உணரும் சிறு குழிகள் வரிசையாக உண்டு. மூக்கோடு அந்த உதட்டையும்தான் அது கண்ணாடியில் தேய்த்துக்கொண்டிருந்தது.

புது ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டோடு மாட்டினான். மறுநாளே பாம்பு அடங்கிவிட்டது.

எல்லா அலைச்சலுக்கும் காரணம் சூடுதான் என்று சொல்ல மாட்டேன். ஒளிய இடமில்லாத பெட்டியில் எந்தப் பாம்பும் நிம்மதியாக இருக்காது. உடம்பை அணைத்தாற்போல் இறுக்கமான மறைவிடம், சூடான பக்கம் ஒன்றும் குளிர்ந்த பக்கம் ஒன்றும் தேவை. பெட்டியும் பாம்பு நீட்டிப் படுக்கும் அளவுக்கு இருக்கட்டும். நைஜீரியாவில் நடந்த கள ஆய்வில், ஆண் பால் பைத்தான்கள் மரமேறிப் பறவைகளைத் தின்பது தெரியவந்தது. பொந்துப் பாம்புதானே என்று சிறு டப்பாவில் அடைப்பது எனக்கு ஒப்பவில்லை.

கண் நீலம் பாய்ந்து மங்கினால் சட்டை உரிக்கப்போகிறது, தொந்தரவு செய்யாதீர்கள். பசியிலும் அலையும், இணை தேடும் பருவத்தில் ஆண்களும் அலையும். தண்ணீர்த் தொட்டியிலேயே ஊறிக் கிடந்தால் செதில்களுக்கு இடையே கறுப்பாக உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, தலையை வானத்தைப் பார்த்து முறுக்கினாலோ, மூக்கு புண்ணானாலோ ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் உடனே கொண்டுபோங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. நம் காட்டு மலைப்பாம்பு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளது. அதை வீட்டில் வைப்பது குற்றம். வெளிநாட்டுப் பாம்புகளோ கடத்தி வரப்படுகின்றன. 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் ஒரே பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன. ஊர இடமில்லாமல், ஒளிய இடமில்லாமல் அவை கடல் தாண்டி வந்தன. அப்படி வரும் பாம்பை யார் விற்றாலும் வாங்காதீர்கள்.