ஆறு குப்பி மருந்தும் நம் அமானத்தும்

(அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பொருளாளர் இப்போதுதான் வரவு செலவுக் கணக்கை வாசித்து முடித்தார். ரூபாய் பைசா வரை சரியாக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த ஏட்டில் ஏறாத ஒரு கணக்கு நம்மிடம் பாக்கி இருக்கிறது. 2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது, நீங்கள் நம்பிக் கொடுத்த ஸதகாப் பணத்தைக் கொண்டு நாங்கள் எதற்காக ஓடினோம், அந்த ஓட்டத்தில் எது உயிரைக் காக்க உதவியது, எது உதவவில்லை என்ற கணக்கு. அதைப் பற்றி நிர்வாகிகள் பலமுறை எங்களுக்குள் பேசியிருக்கிறோம். உங்கள் முன்னால் இதுவரை சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறோம்.

அது ரமளானின் கடைசிப் பத்து. ஒரு நாள் சஹர் நேரத்தில் போன் வந்தது. நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவருக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். நம் தொண்டர்கள் போய் விரலில் ஆக்சிமீட்டரை வைத்துப் பார்த்தார்கள். 88 காட்டியது. 94க்குக் கீழே இறங்கினாலே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று அரசு சொல்லியிருந்த நேரம். பெரியவரோ கட்டிலில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார். இந்த நோயில் அது பெரிய ஏமாற்று. உடம்பில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும், மூச்சுத் திணறல் தெரியாது.

மகன் சொன்னார்: “காக்கா, அங்கே கொண்டுபோனால் அத்தாவை வெண்டிலேட்டரில் போட்டுவிடுவார்கள். அதில் போட்டவர் திரும்பி வருவதில்லை. நீங்கள் ரெம்டெசிவிர் ஆறு குப்பி மட்டும் வாங்கிக் கொடுங்கள். நர்ஸை வைத்து வீட்டிலேயே போட்டுக்கொள்கிறோம்.”

நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? உட்கார்ந்து பேசி, கையைப் பிடித்து, அந்தப் பெரியவரை அன்றைக்கே ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்க வேண்டும். செய்யவில்லை. மருந்துச் சீட்டையும் ஆதார் நகலையும் வாங்கிக்கொண்டு, நோன்பு வைத்திருந்த இரண்டு இளைஞர்களைச் சென்னைக்கு அனுப்பினோம். அரசே நேரடியாக மருந்து விற்ற இடத்தில் அவர்கள் இரவும் பகலும் வரிசையில் நின்றார்கள். மூன்றாம் நாள் குப்பிகள் வந்து சேர்ந்தபோது ஆக்சிமீட்டர் 76. அதன் பிறகுதான் மருத்துவமனை. வாசலில் ஆம்புலன்ஸுகள் வரிசையாக நின்றன. பல மணி நேரம் கழித்துப் படுக்கை கிடைத்தது. இரண்டு நாளில் வஃபாத் ஆகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கவச உடை போட்டு கப்ரில் இறக்கியதும் நம் தொண்டர்கள்தான்.

சீக்கிரம் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. ஆயுள் அல்லாஹ்வின் கையில். ஆனால் கையிலிருந்த மூன்று நாட்களை எதில் செலவழித்தோம் என்பதற்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பத்தார் எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “பாவம், எவ்வளவு ஓடினார்கள்” என்று துஆ செய்தார்கள். அந்த துஆவைக் கேட்கும்போதுதான் எங்களுக்குத் தலை குனிந்தது.

சகோதரர்களே, இது நம் ஊரில் மட்டும் நடந்த தவறல்ல. 2020 தொடக்கத்திலிருந்தே இதைப் பற்றி உலகம் முழுவதும் பெரிய விவாதம் நடந்தது. ஒரு சாரார், “ஆள் சாகக் கிடக்கிறார், பலன் இருக்கலாம் என்று தோன்றுகிற எதையும் கொடுங்கள், சோதனை எல்லாம் பிறகு” என்றார்கள். இன்னொரு சாரார், “தெரியாத மருந்தைக் கொடுத்துக்கொண்டே போனால் எது காக்கிறது, எது கெடுக்கிறது என்று கடைசி வரை தெரியாது. கொடுக்கும்போதே சோதித்துக் கொடுங்கள்” என்றார்கள். முதல் பேச்சில் இரக்கம் இருப்பது போலவும், இரண்டாவதில் கல்நெஞ்சம் இருப்பது போலவும் அன்று தோன்றியது. எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிரிட்டனில் ‘ரெகவரி’ என்ற பெரிய ஆய்வை 2020 மார்ச்சில் தொடங்கினார்கள். மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளில் சம்மதித்தவர்களைக் கணினி மூலம், சீட்டுக் குலுக்குவது போல, பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பகுதியினருக்கு அதோடு ஒரு மருந்து. “உயிரில் போய்ச் சீட்டுக் குலுக்குவதா?” என்று கேட்கத் தோன்றும். காரணம் இருக்கிறது. டாக்டர் தன் விருப்பப்படி கொடுத்தால், பிழைப்பார் என்று தோன்றுகிறவருக்கே அதிகம் கொடுக்கக்கூடும். பிறகு அவர் பிழைத்தது மருந்தாலா, உடல் வலிமையாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

முடிவுகளைப் பாருங்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை அமெரிக்க அதிபரே புகழ்ந்தார். நம் மருந்துக் கடைகளிலும் அது கிடைக்காமல் போனது. அந்த மாத்திரை கொடுக்கப்பட்ட 1,561 பேரில் 27 சதவீதம் பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள். கொடுக்கப்படாத 3,155 பேரில் 25 சதவீதம். பலன் இல்லை.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு எந்த ஊரிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கிற பழைய மருந்து. அதற்காக யாரும் வரிசையில் நிற்கவில்லை. 2020 ஜூன் 16 அன்று அதன் முடிவை அறிவித்தார்கள். வெண்டிலேட்டரில் இருந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 41 பேர் இறந்தார்கள். இந்த மருந்தும் பெற்றவர்களில் 29 பேர். ஆக்சிஜன் மட்டும் வைக்கப்பட்டவர்களிடமும் இறப்பு குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ எந்தப் பலனும் இல்லை. இந்தக் கடைசி வரி முக்கியம். ஏனென்றால், “ஸ்டீராய்டு நல்லதாம்” என்ற பாதிச் செய்தியைக் கேட்டு, லேசான காய்ச்சலுக்கே வாங்கி விழுங்கியவர்கள் உண்டு. சர்க்கரை நோயும் அளவு மீறிய ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில்தான் கருப்புப் பூஞ்சை அதிகம் தாக்கியது. ஒரே மருந்துதான். ஆள் மாறினால், நேரம் மாறினால் விளைவு மாறுகிறது.

அடுத்தது பிளாஸ்மா. இதைச் சொல்லும்போது நம் மனம் கனக்கும். 2020 மார்ச் கடைசியில் தப்லீக் சகோதரர்களை நோயைப் பரப்பியவர்கள் என்று நாடெங்கும் தூற்றினார்கள். அதே சகோதரர்களில் பலர், குணமான பின் முகம் தெரியாத நோயாளிகளுக்காக பிளாஸ்மா கொடுக்க முன்வந்தார்கள். நம் அறக்கட்டளையும் கொடையாளர் பட்டியல் வைத்திருந்தது. பிறகு என்ன தெரியவந்தது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நம் நாட்டின் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தது. நோய் முற்றுவதையோ இறப்பையோ பிளாஸ்மா குறைக்கவில்லை. 2020 அக்டோபரிலேயே அந்த முடிவு வெளிவந்துவிட்டது. சிகிச்சைப் பட்டியலிலிருந்து பிளாஸ்மாவை நீக்கியது 2021 மே மாதத்தில்தான். இடைப்பட்ட ஏழு மாதமும் எத்தனையோ குடும்பங்கள் அதைத் தேடி அலைந்தன. கொடுத்தவர்களின் நிய்யத்துக்கு அல்லாஹ் குறைவில்லாமல் கூலி தருவான், இன்ஷா அல்லாஹ். ஆனால் அந்த முடிவைத் தெரிந்துகொள்ளாமல் பட்டியலைத் தொடர்ந்து நடத்தியது எங்கள் தவறு.

நாங்கள் ஓடிய ரெம்டெசிவிர்? அது இறப்பைக் குறைத்ததற்குப் போதிய சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. பின்னர் கூடுதல் ஆய்வுகள் வந்து, சிலருக்கு ஓரளவு பலன் உண்டு என்று 2022இல் தன் கருத்தைத் திருத்திக்கொண்டது. அறிவு அப்படித்தான் வளரும், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த மே மாதம் நாம் நினைத்ததுபோல், ஆக்சிஜனுக்குப் பதிலாக வீட்டில் வைத்துப் போட்டுக் காப்பாற்றும் மருந்தாக அது ஒருநாளும் இருந்ததில்லை.

கடைசியாக, அந்த மகனின் பயம். வெண்டிலேட்டரில் போட்டவர் திரும்புவதில்லை என்ற பேச்சுக்கு வலு சேர்த்த செய்திகளில் ஒன்று நியூயார்க்கிலிருந்து வந்தது. 2020 ஏப்ரலில், அங்கே மருத்துவமனைகளில் சேர்ந்த 5,700 நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியானது. வெண்டிலேட்டரில் வைக்கப்பட்டவர்களில் 88 சதவீதம் பேர் இறந்தார்கள் என்று அதைக் காட்டி உலகமெல்லாம் பேசினார்கள். உண்மைக் கணக்கு வேறு. வெண்டிலேட்டரில் வைக்கப்பட்டவர்கள் 1,151 பேர். அறிக்கை எழுதிய அன்று 282 பேர் இறந்திருந்தார்கள், 38 பேர் வீடு திரும்பியிருந்தார்கள். மீதி 831 பேர் இன்னும் சிகிச்சையில் இருந்தார்கள். அந்த 831 பேரை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டதால் வந்ததுதான் 88. சில நாட்களில் அறிக்கையைத் திருத்தினார்கள். திருத்தம் யார் போனுக்கும் வரவில்லை. வெண்டிலேட்டர் வரை போனவர்களில் ஏராளமானோர் இறந்தது உண்மை. அவ்வளவு மோசமான நிலையில்தான் அங்கே போனார்கள். எப்போது வெண்டிலேட்டர் போடுவது, எதுவரை ஆக்சிஜனோடும் குப்புறப் படுக்க வைப்பதோடும் காத்திருப்பது என்று டாக்டர்களே அன்று தங்களுக்குள் வாதாடினார்கள். அந்த வாதம் மருத்துவமனைக்குள் நடக்க வேண்டியது. மருத்துவமனைக்கே போகாமல் இருப்பதற்கு அது காரணமாகாது.

அம்வாஸ் கொள்ளைநோய்க் காலத்தில் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிப் போன வரலாறு உங்களுக்குத் தெரியும். ஸர்க் என்ற இடத்தில் நோய்ச் செய்தி கிடைத்தது. கலீஃபா என்ற அதிகாரத்தில் உடனே உத்தரவு போடவில்லை. முஹாஜிர்களைக் கேட்டார்கள், அவர்களிடம் கருத்து வேறுபாடு. அன்ஸாரிகளைக் கேட்டார்கள், அங்கேயும் கருத்து வேறுபாடு. குறைஷி முதியவர்களைக் கேட்டுத் திரும்புவதென்று முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்களே கேட்டார்கள். பிறகு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, நபி (ஸல்) அவர்களிடம் இது பற்றித் தாம் கேட்டறிந்ததைச் சொன்னார்கள். அறிவு வந்தது, மனம் அமைதியானது. விசாரித்து, அறிந்தவரிடம் கேட்டு நடப்பது தவக்குலுக்கு எதிரானது என்றால் உமர் (ரலி) அவர்கள் அதைச் செய்திருப்பார்களா?

இதையெல்லாம் வைத்து நிர்வாகக் குழு சில முடிவுகளை எடுத்திருக்கிறது. உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறோம்.

முதலாவது, அவசர காலத்தில் அறக்கட்டளைப் பணம் முதலில் போவது ஆக்சிஜன் செறிவூட்டி, ஆக்சிமீட்டர், ஆம்புலன்ஸ் வாடகை, நோயாளியோடு இருப்பவரின் சாப்பாடு ஆகியவற்றுக்கு. குடும்பத்தார் கேட்கிறார்கள் என்பதற்காக மட்டும் எந்த மருந்தையும் வாங்கித் தர மாட்டோம். சிகிச்சை தரும் டாக்டரிடம் நேரில் பேசிய பிறகே தருவோம். கோபப்படாதீர்கள்.

இரண்டாவது, நம் சமுதாயத்து மருத்துவர்கள் சிலரிடம் பேசியிருக்கிறோம். ஒரு மருந்து பற்றியோ வாட்ஸ்அப் செய்தி பற்றியோ சந்தேகம் வந்தால் அவர்களைக் கேட்டுச் சொல்வோம். அப்படிக் கேட்காமல் அறக்கட்டளையின் பெயரில் எந்த மருத்துவச் செய்தியும் வெளிவராது.

மூன்றாவது, இது உங்கள் வீட்டு வேலை. டாக்டரிடம் பேசுவதற்கு வீட்டில் ஒருவரை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பத்துப் பேர் பத்துக் கேள்வி கேட்டால் யாருக்கும் பதில் கிடைக்காது. அந்த ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். அத்தாவின் நிலை இப்போது எப்படி இருக்கிறது? இந்தச் சிகிச்சை இதே நிலையில் உள்ளவர்களுக்குப் பலன் தந்திருக்கிறதா? இன்று இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? பணிவோடு கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் பதில் சொல்வார்கள். இது காய்ச்சலுக்கு மட்டுமல்ல, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் பொருந்தும்.

அந்தப் பெரியவரின் மகன் இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். இதைச் சொல்லலாமா என்று முன்கூட்டியே அவரிடம் அனுமதி கேட்டோம். “சொல்லுங்கள் காக்கா, இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது” என்றார். நம் ஆக்சிமீட்டர்களையும் செறிவூட்டிகளையும் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கும் பொறுப்பை அவர்தான் இப்போது பார்த்துக்கொள்கிறார். அவருடைய போன் எண் அலுவலகப் பலகையில் இருக்கிறது. ஆக்சிமீட்டரில் எண் இறங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சஹர் நேரமானாலும் கூப்பிடுங்கள்.

அந்த அலையில் நம்மை விட்டுப் பிரிந்த அனைவரின் பிழைகளையும் அல்லாஹ் பொறுத்து, அவர்களின் கப்ருகளை விசாலமாக்கி வைப்பானாக. நம் அமானத்தைச் சரியான இடத்தில் செலவழிக்கும் தெளிவை நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.