வேலை நல்லாத் தெரிஞ்சா கூலி தானா வருமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் களப்பணிக் குழுவின் சார்பில் பேசியது. பேசியபடியே பெரும்பாலும் கொடுத்திருக்கிறோம்.)



போன மாசக் கூட்டத்தில் ஓர் அக்கா எழுந்து ஒரு கேள்வி கேட்டாங்க. "தையல் பயிற்சி நடத்தினப்போ, நல்லா வேலை கத்துக்கோங்க, கூலி தானா வரும்னு சொன்னீங்க. நான் நல்லாத்தான் தைக்கிறேன். பிசிறு இல்லாம தைக்கிறேன். ஆர்டர் கொடுக்கிறவர் அதே பீஸ் ரேட்தான் தர்றார். வேலை தெரிஞ்சா கூலி வரும்னா, எங்கே வருது?"

அன்றைக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பயிற்சியில் அப்படிச் சொன்னது நாங்கள்தான். எழுதி வைத்த பாடத்தில் அப்படித்தான் இருந்தது, அப்படியே சொல்லிவிட்டோம். அதனால் இன்றைக்கு ஒரு பெண்ணின் வேலைக் கதையைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறோம். இவர் அமெரிக்காக்காரர், கூடைப்பந்து விளையாடியவர். கூடைப்பந்துக்கும் நம்ம தையலுக்கும் என்ன சம்பந்தம்னு நினைக்காதீங்க. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கூடைப்பந்து தெரியுமில்லையா? பள்ளிக்கூட மைதானத்தில் உயரமான கம்பத்தில் ஒரு இரும்பு வளையம் மாட்டியிருக்கும். பக்கத்துக்கு ஐந்து பேர். பந்தைத் தட்டிக்கொண்டே ஓடி அந்த வளையத்துக்குள் போட வேண்டும். இதை நம்ம பிள்ளைகள் மத்தியான இடைவேளையில் விளையாடுவார்கள். அமெரிக்காவில் இதற்குச் சம்பளம் உண்டு. அது ஒரு தொழில்.

இவர் பெயர் டயானா டொராசி. 1982ல் பிறந்தவர். அப்பா இத்தாலியில் பிறந்து அர்ஜென்டினாவில் வளர்ந்தவர், அம்மா அர்ஜென்டினா. பிழைப்புக்காக அமெரிக்கா வந்த குடும்பம். கலிஃபோர்னியாவில் சினோ என்ற ஊரில் வளர்ந்தார். வீட்டில் ஸ்பானிஷ் மொழிதான். கல்லூரியில் 2002, 2003, 2004 என்று மூன்று வருஷமும் இவர் அணிதான் நாட்டிலேயே முதலாவது.

அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை லீக் ஒன்று 1997ல்தான் ஆட ஆரம்பித்தது. அதற்கு முன்னால் சம்பளத்துக்கு ஆட வேண்டும் என்றால் பெரும்பாலும் இத்தாலி, ஸ்பெயின் என்று கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. வருஷா வருஷம் கல்லூரி முடித்து வரும் பிள்ளைகளை அந்த லீக்கின் அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். 2004ல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் டொராசி. எடுத்தது பீனிக்ஸ் மெர்குரி என்ற அணி. நாட்டிலேயே முதல் ஆளுக்குச் சம்பளம் எவ்வளவு தெரியுமா? சுமார் 40,000 டாலர். அன்றைய மதிப்பில் 18 லட்சம் ரூபாய். நமக்குப் பெரிய காசுதான், இல்லேன்னு சொல்லலை. ஆனா அந்த ஊர் விலைவாசிக்கு அது சாதாரணச் சம்பளம். ஆண்கள் லீக்கில் ஆடுபவர்கள் வாங்குவதோடு வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது.

அதனால் இவர் என்ன செய்தார்? கோடையில் பீனிக்ஸில் ஆடிவிட்டுக் குளிர்காலத்துக்கு ரஷ்யா போனார். 2005ல் மாஸ்கோவில் ஒரு கிளப், அடுத்த வருஷத்திலிருந்து மாஸ்கோவை ஒட்டிய ஸ்பார்ட்டக் கிளப். பிறகு துருக்கியில் இஸ்தான்புல். 2012லிருந்து 2017 வரை எகாதெரின்பர்க் என்ற ஊர். அது உரால் மலைப் பக்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரிக்குப் போகிற ஊர். பீனிக்ஸோ பாலைவன ஊர், கோடையில் நம்ம கத்திரி வெயிலைவிட மோசம். இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய 12 மணி நேர வித்தியாசம். அங்கே இவர் சாப்பிட்டுப் படுக்கிற நேரத்தில் பீனிக்ஸில் பொழுது விடியும்.

இலையுதிர் காலத்தில் கிளம்பி வசந்தம் வரைக்கும் ரஷ்யா. திரும்பி வந்து சில நாளில் பீனிக்ஸில் பயிற்சி. நாலு வருஷத்துக்கு ஒரு முறை நடுவில் ஒலிம்பிக்ஸ். அறுப்பு முடிஞ்சா நாத்து, நாத்து முடிஞ்சா களைன்னு நாம ஓடுற மாதிரி ஓட்டம். உடம்புதான் இவருடைய முதலீடு. அந்த முதலீட்டுக்கு ஓய்வு என்று ஒரு மாசம் கிடையாது.

ஸ்பார்ட்டக் கிளப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதை நடத்தியவர் ஷப்தாய் கல்மனோவிச் என்ற பணக்காரர். முன்பு உளவு பார்த்த குற்றத்துக்காக இஸ்ரேலில் சிறையில் இருந்தவர். ஆட்டக்காரப் பெண்களுக்கு அவர் தாராளமாகச் செலவு செய்தார். நல்ல வீடு, நல்ல சம்பளம், நல்ல விமானப் பயணம். 2009 நவம்பரில் மாஸ்கோ தெருவில் காரில் போகும்போது அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்தப் பெண்கள் ஊர் திரும்பாமல் இருந்து ஆடி 2010ல் ஐரோப்பியக் கோப்பையை வாங்கினார்கள். அது தொடர்ந்து நாலாவது கோப்பை.

வெளியூர் வேலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2010 டிசம்பரில் இஸ்தான்புல்லில் ஃபெனர்பாச்சே கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, இவர் ஊக்கமருந்து எடுத்தார் என்று பரிசோதனை முடிவு வந்தது. இவர் இல்லவே இல்லை என்றார். கிளப் ஒப்பந்தத்தை முறித்துவிட்டது. 2011 பிப்ரவரியில் பரிசோதனை நிலையமே தங்கள் முடிவு தப்பு என்று ஒப்புக்கொண்டது. பழி தீர்ந்தது, ஆனால் போன சீசன் போனதுதான். வக்கீல் வைக்க வசதி இருந்தது, பெயர் இருந்தது, அதனால் இரண்டு மாசத்தில் முடிந்தது. பெயர் தெரியாத ஆட்டக்காரிக்கு இப்படி நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தோம். ஆச்சரியம் என்னன்னா, அடுத்த சீசனுக்கே இவர் அதே ஊருக்குத் திரும்பிப் போய், எதிரி கிளப்பான கலாதசராயில் சேர்ந்து ஆடினார்.

இவரைத் தெய்வமாக்க நாங்கள் வரவில்லை. 2009ல் குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் போலீசில் பிடிபட்டார். லீக் இரண்டு ஆட்டத்துக்குத் தடை போட்டது, ஒரு நாள் சிறையிலும் இருந்தார். குடியால் நம்ம வீடுகள் படுகிற பாட்டைத் தெரிந்துகொண்டு இதை மறைத்துப் பேச எங்களுக்கு மனசில்லை. அதே வருஷம் லீக்கின் சிறந்த ஆட்டக்காரரும் இவர்தான். இரண்டும் நடந்தது.

இப்போது 2015க்கு வருவோம். முந்தின வருஷம்தான் பீனிக்ஸ் அணி கோப்பை வாங்கியிருந்தது. அதில் முக்கியமான ஆள் இவர். லீக்கில் ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய உச்சபட்சச் சம்பளம் அப்போது சுமார் 1,07,000 டாலர். நம்ம கணக்கில் 68 லட்சம் ரூபாய். இதற்கு மேல் ஒரு அணி கொடுக்க விரும்பினாலும் கொடுக்க முடியாது, லீக்கின் விதி. ரஷ்யாவில் எகாதெரின்பர்க் கிளப் இவருக்குக் கொடுத்தது சுமார் 15 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. ஒன்பது கோடி ரூபாய்க்கு மேல். ஏறக்குறைய 14 மடங்கு. அந்தக் காலத்தில் அமெரிக்க ஆண்கள் லீக்கில் சராசரிச் சம்பளம் 40 லட்சம் டாலருக்கு மேல்.

அந்த ரஷ்ய கிளப் இவரிடம் ஒன்று சொன்னது. "இந்தக் கோடையில் உங்கள் நாட்டில் ஆட வேண்டாம். ஓய்வெடுங்கள். அங்கே வருகிற சம்பளத்தை நாங்கள் தந்துவிடுகிறோம்." இவர் ஒப்புக்கொண்டார். பீனிக்ஸ் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். வருஷம் முழுக்க ஆடி உடம்பு தேய்ந்துபோயிருக்கிறது, நான் என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும், திரும்பி வருவேன் என்று அதில் விளக்கியிருந்தார்.

யோசிச்சுப் பாருங்க. சொந்த ஊரில் வேலை செய்து கிடைக்கிற கூலியைவிட, சும்மா இருக்க வெளியூரில் தருகிற காசு பெரிசாக இருந்திருக்கிறது. அந்த வருஷம் பீனிக்ஸ் அணியால் இறுதிப் போட்டிக்குப் போக முடியவில்லை. நாட்டைவிடக் காசு பெரிசா என்று திட்டியவர்களும் உண்டு. எங்களுக்கு அவர் செய்தது தப்பாகத் தெரியவில்லை. முட்டி தேய்ந்தால் திட்டினவங்க வந்து வைத்தியம் பார்க்கப் போவதில்லை.

அப்படியானால் ரஷ்யாக்காரர்களுக்குப் பெண்கள் மேல் அவ்வளவு மரியாதையா என்று கேட்பீர்கள். இல்லீங்க. அந்தக் கிளப்பை நடத்தியது செம்பு எடுக்கிற ஒரு பெரிய சுரங்கக் கம்பெனி. டிக்கெட் விற்று அந்தச் சம்பளம் வரவில்லை. பணக்காரருக்கும் கம்பெனிக்கும் கோப்பை வேண்டும், பேர் வேண்டும், அதற்காகக் கொடுத்தார்கள். அதே டொராசி, அதே பந்து, அதே கை. ஓரிடத்தில் 68 லட்சம், இன்னோரிடத்தில் ஒன்பது கோடி. வேலையின் தரத்தை வைத்து இந்தக் கூலி முடிவாகவில்லை. கொடுக்கிறவர் யார், அவருக்கு என்ன தேவை, விதியை எழுதினது யார் என்பதை வைத்துத்தான் முடிவாகியிருக்கிறது. அக்கா கேட்ட கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த முதல் பதில் இது. நாங்கள் பயிற்சியில் சொன்னது பாதி உண்மைதான்.

சரி, சொந்த ஊர் கூலி மாறியதா? மாறியது, ஆனால் டொராசி ஒருத்தர் நன்றாக ஆடியதால் மாறவில்லை. ஆட்டக்காரப் பெண்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் தலைவி அப்போது நெக்கா ஒகுமிகே என்ற ஆட்டக்காரர். பழைய ஒப்பந்தம் வேண்டாம் என்று 2018ல் சங்கம் சொல்லிவிட்டது. உட்கார்ந்து பேசிப் பேசி 2020 ஜனவரியில் புது ஒப்பந்தம் வந்தது. உச்சபட்சச் சம்பளம் 2,15,000 டாலர் ஆனது. சராசரிச் சம்பளம் முதன்முறையாக ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. பிரசவ விடுப்புக்கு முழுச் சம்பளம். அதற்கு முன்னால் பாதியாகக்கூடக் குறைக்கலாம் என்று இருந்தது. குழந்தை உள்ளவர்களுக்கு இரண்டு படுக்கையறை வீடு, பிள்ளை பார்த்துக்கொள்ள வருஷத்துக்கு 5,000 டாலர். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் ஹோட்டலில் ஆளுக்கொரு அறை. இந்த அறை விஷயம் சின்னதாகத் தெரியும். நம்ம பயிற்சி முகாமில் ஒரே ஹாலில் நாற்பது பேர் படுத்தது ஞாபகம் இருக்கிறவங்களுக்குப் புரியும்.

எல்லாமே லாபமாக முடியவில்லை. விட்டும் கொடுத்தார்கள். சில வருஷம் ஆடிய ஆட்டக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து குறித்த நாளில் திரும்பி வராவிட்டால் அபராதம், பிறகு அந்த சீசனுக்கே தடை என்று ஒரு விதியும் உள்ளே வந்தது. முழுசா கிடைச்சுடும்னு நினைச்சு யாரும் பேச்சுவார்த்தைக்குப் போக வேண்டாம்.

கூலி ஏறிய பிறகும் அப்போது ரஷ்யாவின் பணம் பல மடங்காகத்தான் இருந்தது. அதனால் போக்குவரத்து நிற்கவில்லை. பீனிக்ஸிலும் எகாதெரின்பர்க்கிலும் டொராசியோடு ஆடியவர் பிரிட்னி கிரைனர். 2022 பிப்ரவரி 17 அன்று மாஸ்கோ விமான நிலையத்தில் அவர் பெட்டியில் கஞ்சா எண்ணெய் இருந்தது என்று பிடித்தார்கள். அவசரத்தில் கவனிக்காமல் பெட்டியில் வந்துவிட்டது என்றார். ஒரு வாரத்தில் உக்ரைன் போர் தொடங்கிவிட்டது. ஆகஸ்டில் 9 வருஷச் சிறைத் தண்டனை. டிசம்பர் 8 அன்று ஆயுத வியாபாரி ஒருவரை அமெரிக்கா விடுவித்து, பதிலுக்கு அவரை மீட்டது. ஏறக்குறைய பத்து மாசம். குளிர்காலத்தில் ரஷ்யா போகாமலே குடும்பம் நடத்துகிற சம்பளம் ஊரிலேயே இருந்திருந்தால் அந்தப் பெண் அந்த விமானத்தில் ஏறியிருக்க மாட்டார் என்று அவரோடு ஆடியவர்கள் பலரும் பேசினார்கள்.

டொராசி 2016ல் பீனிக்ஸுக்குத் திரும்பி வந்துவிட்டார். 2023 ஆகஸ்டில், 41 வயதில், அந்த லீக்கில் 10,000 புள்ளி எடுத்த முதல் ஆள் ஆனார். 2024ல் பாரிஸில் ஆறாவது ஒலிம்பிக் தங்கம். கூடைப்பந்தில் ஆணிலும் பெண்ணிலும் அதுவரை ஆறு தங்கம் வாங்கியவர் இல்லை. அந்த இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா பிரான்சை 67க்கு 66 என்று ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது. இவரை அன்றைக்குக் களத்தில் இறக்கவேயில்லை, ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். 2025 பிப்ரவரியில் ஓய்வு அறிவித்தார். பீனிக்ஸுக்கு மட்டும் 20 சீசன்.

அவர் ஓய்வு பெற்ற அதே 2025 ஜூலையில், லீக்கின் நட்சத்திர ஆட்டத்துக்கு வந்த பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி கறுப்புச் சட்டை போட்டு மைதானத்தில் இறங்கினார்கள். எங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள் என்ற கோரிக்கை அதில் எழுதியிருந்தது. அடுத்த ஒப்பந்தத்துக்கான பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த கூட்டமும் அதையே திருப்பிக் கோஷம் போட்டது.

கேள்வி கேட்ட அக்கா இன்றைக்கும் வந்திருக்காங்க, அதோ மூன்றாவது வரிசையில். அடுத்த கூட்டப் பொருள் தையல் ஆர்டர் பீஸ் ரேட். மூன்று ஊரில் ஒன்பது குழுக்கள் அதே ஆளிடம் ஆர்டர் எடுக்கின்றன, இதுவரைக்கும் ஒவ்வொரு குழுவும் தனித்தனியாகத்தான் அவரிடம் பேசியிருக்கிறோம். தீர்மான நோட்டை எடுத்துக்கோங்க. உங்க உங்க குழுவுக்கு அவர் என்ன ரேட் தருகிறார் என்று வரிசையாகச் சொல்லுங்க, எழுதிக்கிறோம்.