படத்தில் ஒன்றுமில்லை என்றால்

எக்ஸ்ரே அறையில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவன் என்கிற உரிமையினாலோ என்னவோ, அண்மையில் எனக்கு வந்த கடிதங்களில் மிகுதியானவை பாதத்து வலியைப் பற்றியவையாகவே இருக்கின்றன, அவற்றுள்ளும் பல, "படம் எடுத்தோம், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், வலி மட்டும் போகவில்லை, எக்ஸ்ரே பொய் சொல்லுமா?" என்று, கோபமும் கலக்கமும் கலந்த ஒரே வினாவைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன.

எக்ஸ்ரே பொய் சொல்லாது. ஆனால் அது எலும்பைக் காட்டுவதற்கென்றே ஏற்பட்ட சாதனம். எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்களும், குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி உள்ளங்காலில் ஓடும் சவ்வும், நரம்பும் அதன் பார்வைக்குப் பெரும்பாலும் அகப்படுவதில்லை. ஆகையால் படம் சுத்தமாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், அன்றைய தினம் எலும்பில் முறிவு தென்படவில்லை என்பதற்கு மேல் நீங்களாக எந்த முடிவுக்கும் வந்துவிட வேண்டாம். இதை முன்பும் சொல்லியிருக்கிறேன், இன்றும் சொல்லப் போகிறேன், உங்களுக்குச் சலிப்புத் தட்டினாலும் பாதகமில்லை.

அறைக்குள் நடப்பது சொற்பம்தான். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், கூடையில் குவித்த கூழாங்கற்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடப்பதால், ஒரே கோணத்தில் எடுத்த படத்தில் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். அதற்காகவே மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று வழக்கமாக மூன்று படங்கள் எடுக்கிறார்கள். கதிர் பாயும்போது ஒன்றும் தெரியாது. வீங்கிய காலைத் திருப்பி வைக்கும்போதுதான் வலிக்கும். சில சமயம் பிளேட்டின்மேல் ஏறி நிற்கச் சொல்வார்கள். "அடிபட்ட காலோடு நிற்கச் சொல்வது என்ன நியாயம்?" என்று ஓர் அன்பர் சீறியிருக்கிறார். ஐயா, பாதத்தின் நடுப்பகுதியில் நார் அறுந்திருந்தால், தேகத்தின் பாரம் அதன்மேல் இறங்கும்போதுதான் எலும்புகளிடையே உள்ள இடைவெளி விரிந்து வெளிப்படும். படுத்த நிலையில் எடுத்த படத்தில் அது ஒளிந்துகொள்ளும். நிற்கவே முடியாதென்றால் முடியாதென்று சொல்லுங்கள், கட்டாயம் ஒன்றுமில்லை.

கொலுசைக் கழற்றச் சொன்னால் சிரித்துக்கொண்டே கழற்றும் பெண்மணிகள், மெட்டி என்றவுடன் முகம் வாடுவதை நான் அநேகம் பார்த்திருக்கிறேன். அதில் பரிகசிக்க ஏதுமில்லை. வலி குதிகாலில் என்றால் மெட்டி இருக்கிற இடத்திலேயே இருந்துவிட்டுப் போகலாம். வலி விரலில் என்றால், அந்த உலோகம் தன் கீழுள்ள எலும்பை முழுக்க மறைத்துவிடும், ஆகையால் கழற்றத்தான் வேண்டும். விரல் வீங்க ஆரம்பித்துவிட்டாலோ, எக்ஸ்ரே எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ரத்த ஓட்டம் தடைப்படுமுன் சோப்பு நீரைத் தடவியாவது அதைக் கழற்றிவிடுங்கள்.

இனி, படத்துக்கு அகப்படாத விஷயங்களுக்கு வருகிறேன். பழனிக்குப் பாதயாத்திரை போய்வந்த இளைஞர் ஒருவர், முன்பாதத்தில் வீக்கத்தோடு எங்களிடம் வந்தார். கீழே விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவில்லை, படமும் சுத்தமாக இருந்தது, உடன் வந்த தாயாரோ, "வேலைக்குப் போகச் சோம்பல், வேறொன்றுமில்லை" என்று தீர்ப்பே கூறிவிட்டார். வலி நீங்காமையால் மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்த படத்தில், இரண்டாம் விரலுக்குப் பின்னுள்ள நீண்ட எலும்பைச் சுற்றிப் புதிய எலும்பு மேகம்போல் படர்ந்திருந்தது. அதாவது மயிரிழை விரிசல் ஒன்று உண்டாகி, ஆறவும் தொடங்கியிருந்தது. ஓயாத நடையினால் வரும் இந்த வியாதியைப் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்டாவ்ப்ட் 1855இல், சிப்பாய்களின் பாதங்களைக் கண்டே எழுதிவைத்தார். ராண்ட்கன் என்ற விஞ்ஞானி எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895இல்தான், அதாவது படமே இல்லாத காலத்தில் அறியப்பட்ட வியாதி இது. ஆகவே முதற்படம் சுத்தமாக இருந்து வலி ஒரே இடத்தில் நிலைத்திருந்தால், பத்து நாள் பதினைந்து நாள் கழித்து மறுபடமோ, எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ தேவையா என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள்.

முள்ளும் இப்படித்தான். கண்ணாடிச் சில்லு பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். உள்ளே ஒடிந்து நின்ற சீமைக்கருவேல முள் சாதாரணமாகத் தெரியாது, அதற்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் உபாயம். முள் குத்தியதை மருத்துவரிடம் சொல்லாமல், படம் பார்த்துத் தாமாகக் கண்டுபிடிக்கட்டும் என்று மௌனம் சாதிப்பவர்களை என்னவென்று சொல்வது! வலிக்கும் இடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள். அவை இல்லாத படம் பாதிப் பிரயோஜனம்கூடத் தராது.

குதிகாலில் எலும்பு வளர்ந்திருப்பதாகப் படத்தில் கண்டு, அறுவை சிகிச்சை அவசியமா என்று கேட்பவர்களுக்கு: வலியே இல்லாத பலருக்கும் அந்த வளர்ச்சி உண்டு, உங்கள் வலிக்குக் காரணம் பெரும்பாலும் சவ்வுதான், அது பயிற்சியிலும் நல்ல செருப்பிலும் சில மாதங்களில் தணிகிறது.

கதிரியக்கத்தை எண்ணி அஞ்சுகிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1920களிலிருந்து 1950கள் வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் செருப்புக் கடைகளில் ஓர் எக்ஸ்ரே பெட்டி இருந்தது. குழந்தைகள் அதனுள் காலை நுழைத்துத் தங்கள் விரல் எலும்புகள் அசைவதை வேடிக்கை பார்ப்பார்கள், கடைக்காரர் செருப்பின் அளவைச் சரிபார்ப்பார். அவசியமில்லாத அந்தக் கதிர்வீச்சின் கெடுதியை உணர்ந்து, 1957இல் பென்சில்வேனியா மாநிலம் அதைத் தடை செய்தது. மருத்துவர் கேட்டு எடுக்கும் பாதத்துப் படம் அந்த ஜாதியைச் சேர்ந்ததன்று. அதன் அளவு ஏறத்தாழ 0.001 மில்லிசீவர்ட், மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் ஒரே நாளில் நம்மேல் இயல்பாக விழுவதைவிடக் குறைவு. கர்ப்பமுற்ற மருமகளுக்கு எடுக்கலாமா என்று கேட்ட அம்மையாருக்கு: கதிர் பாதத்தின்மேல்தான் விழுகிறது, வயிற்றுக்கு வெகுதூரம், ஆயினும் கர்ப்பத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சுளுக்கு என்று நீவிவிடப் போகுமுன் ஒன்றைச் சோதியுங்கள். 1992இல் கனடாவின் ஆட்டவா நகர மருத்துவர்கள் வகுத்த விதிகளின் சாரம் இது: பாதத்தின் நடுவில் வலி இருந்து, நாலு அடிகூட எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, சுண்டுவிரலுக்குப் பின்னுள்ள நீண்ட எலும்பின் அடியிலோ, உட்புறத்தில் வளைவின் உச்சியிலுள்ள எலும்பிலோ அழுத்தினால் வலித்தாலோ, எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இந்தச் சோதனை சுகர் நோயினால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் செல்லாது. அவர்களில் சிலர் எலும்பு நொறுங்கிய காலோடு, வலியில்லை என்று சொல்லிக்கொண்டு நடந்தே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பாதம் காரணமின்றிச் சிவந்து, சூடாகி, வீங்கினால், வலிக்காகக் காத்திராமல், பாரத்தை அதன்மேல் வைக்காமல், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அங்கே எடுக்கும் முதற்படம் சுத்தமாக இருந்தாலும், அவர் மறுபடி வரச் சொல்லும் நாளில் தவறாமல் போக வேண்டும்.